பெயின்ட் அடித்த வீடும் ஓலைக் கூடாரமும்

என் வாழ்நாளில் ஒரு யூதரைக்கூட நான் நேரில் சந்தித்ததில்லை. ஈப்போவில் சந்திக்க வாய்ப்பும் இல்லை. ஆனால் பள்ளித் தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் தமிழ்ச் சபையின் புதன்கிழமை வகுப்பில் யூதர்களின் பழங்காலப் பண்டிகைகளைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் எடுத்துவருகிறேன். வேதத்தில் படித்தவை பாதி, பழைய புத்தகங்களில் தேடிப் பிடித்தவை மீதி. வகுப்புக்கு வருபவர்கள் என்னைப் போலவே வயதானவர்கள். முழங்கால் வலிக்காரர்கள், கண்புரை எடுத்துக்கொண்டவர்கள், பேரப்பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டு நேரத்தைப் போக்க வருபவர்கள்.

பஸ்காவிலிருந்துதான் எப்போதும் தொடங்குவேன். அடிமைகளாக இருந்த சனம் ஒரே இரவில் புறப்பட்டுப் போன கதை அது. மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாததால் புளிப்பில்லாத அப்பம். அடிமை வாழ்வின் கசப்பை நாக்கு மறக்காமல் இருக்கக் கசப்புக் கீரை. ஒரு முறை எல்லாரும் ருசி பார்க்கட்டும் என்று சொல்லி, ஒரு பெண்மணியிடம் கீரைக்குப் பதிலாகப் பாகற்காய் கொண்டுவரச் சொன்னேன். அவர் அதை வெங்காயம் போட்டு மொறுமொறுவென்று வறுத்துக் கொண்டுவந்துவிட்டார். எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அடிமைத்தனத்தின் கசப்பு அன்று யாருக்கும் தெரியவில்லை.

பஸ்காவுக்குப் பிறகு முதற்கனி, வாரங்களின் பண்டிகை. பிறகு நீண்ட கோடை. ஏழாம் மாதம் பிறந்ததும் ஆட்டுக் கொம்பை ஊதி எல்லாரையும் எழுப்புவார்கள். அதிலிருந்து பத்தாம் நாள் பாவநிவாரண நாள். கோயில் இருந்த காலத்தில் அன்று இரண்டு ஆடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒன்று பலிக்கு. இன்னொன்றின் தலைமேல் ஆசாரியர் கை வைத்து, சனங்களின் பாவங்களையெல்லாம் சொல்லி, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். நம் வேதம் அதைப் போக்காடு என்கிறது. கோயில் இடிந்த பிறகு ஆடு இல்லை. சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தண்ணீரும் குடிக்காமல் வெள்ளை உடுத்தி நின்று ஜெபிக்கிறார்கள்.

அந்த ஆட்டின் கதையை நான் நன்றாகச் சொல்வேன் என்று வகுப்பில் பெயர். எனக்கும் பிடித்த கதைதான். எல்லாவற்றையும் ஓர் ஆடு சுமந்துகொண்டு கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும் என்பது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து நாள் கழித்துக் கூடாரப் பண்டிகை. கல் வீட்டில் இருப்பவனும் ஒரு வாரம் வெளியே வந்து, தற்காலிகமாகக் கட்டிய ஒரு குடிசையில் தங்க வேண்டும். வனாந்தரத்தில் அலைந்த காலத்தில் தங்கள் முன்னோர்கள் அப்படித்தான் இருந்தார்கள் என்பதை உடம்பால் நினைக்க வேண்டும். கடந்த ஆண்டு, சும்மா பேசினால் போதாது, சபை வளாகத்திலேயே ஒரு கூடாரம் கட்டிப் பார்க்கலாம் என்று வகுப்பில் ஒரு யோசனை வந்தது. எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகர். எதிலும் ஒரு கேள்வி போடாமல் விடமாட்டார்.

“சார், ஏழு நாளு வெளிய படுத்தா கொசு தூக்கிட்டுப் போயிரும் லா. டெங்கி வந்தா மோசேயா வந்து ஆஸ்பத்திரில நம்ம பக்கத்துல உக்காருவாரு?”

“படுக்க வேண்டாம். ஒரு வேளை சாப்பாடு மட்டும் அதில சாப்பிடுவம்” என்றேன்.

“அப்ப சரி. சாப்பாடுன்னா நான் மோசேக்கு முன்னால வந்துருவேன்.”

அந்தக் கூடாரத்துக்காக நான் மறுபடியும் புத்தகங்களைத் திறந்தேன். கூரை மண்ணில் முளைத்த பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், தகரம் கூடாது. வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டும். மழை வந்து சாப்பாட்டைக் கெடுத்தால் வீட்டுக்குள் போய்விட அனுமதி உண்டு. இவற்றோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. உபவாசம் முடிகிற அதே இரவில், சாப்பிட்ட கையோடு, கூடாரத்துக்கு முதல் கம்பத்தை நடுவார்களாம். நான் தனித்தனிப் பாடங்களாகச் சொல்லிக்கொடுத்த இரண்டு பண்டிகைகளும் அங்கே ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன.

உபவாசத்துக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளதை மட்டுமே அந்த நாள் தீர்க்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ளதை அது தொடாது. தீங்கு செய்தவன் முதலில் அந்த ஆளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை நான் முன்பும் படித்திருக்கிறேன். வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டியும் இருக்கிறேன். இந்த முறை, கூடாரத்துக்கு யார் ஓலை கொண்டுவருவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, அதைத் தாண்ட முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே தங்கை. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் அந்தப் பெருமை சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது. தங்கை ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டிய ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். பால்மரம் வெட்டுகிற குடும்பத்துப் பிள்ளை, இந்து. அம்மா அழுதார். நான் படித்தவன், அதனால் எதிர்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. தங்கை தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் போனாள். சில ஆண்டுகளில் அவள் பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சாகிவிட்டது. ‘அண்ணை’ என்று கூப்பிட்டவள் ‘அண்ணே’ என்று கூப்பிடத் தொடங்கினாள்.

பிறகு அந்தத் தோட்டத்தை விற்றார்கள். வீடுகள் கட்டுவதற்காக லயங்களை இடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஒரு நாள் மாலை தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, லயத்த உடைக்கப் போறாங்க. வேற வீடு கிடைக்கிற வரைக்கும் உங்க வீட்டுப் பின் ரூம்புல நாங்க மூணு பேரும் இருந்துக்கலாமா? கொஞ்ச நாளுதான் லா.”

மூன்று பேர் என்றால் அவள், கணவர், தேர்வு எழுதவிருந்த மகள். அந்தப் பின்னறை காலியாகத்தான் இருந்தது. நான் சொன்னேன்: “வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறம். சாமான் எல்லாம் வெளியில கிடக்கு. இப்ப சரிவராது.”

“ஓ, அப்படியா. சரிண்ணே. பரவால்ல.”

அவ்வளவுதான். அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. என் மனைவியைக் காரணம் காட்டுவது எளிது, அவளும் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் அவளிடம் நான் கேட்கவே இல்லை. சபைப் பெரியவர்கள் வந்து போகிற வீடு. தலைமையாசிரியர் வீட்டு வாசலில் ஒரு லாரிக்காரர் பனியனோடு உட்கார்ந்திருப்பதை நான் கற்பனை செய்து பார்த்தேன். காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை.

பிறகு பயம் வந்தது. அவள் திடீரென்று வந்து பார்த்தால்? அடுத்த வாரமே ஒரு சீனப் பெயின்டரைக் கூப்பிட்டேன். “போன வருசந்தானே அடிச்சனாங்கள்?” என்று மனைவி கேட்டாள். “நிறம் பிடிக்கேல்லை” என்றேன். சுவருக்குக் கிரீம், ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை. பொய்யை உண்மையாக்குவதற்காக ஒரு முழு வீட்டுக்குப் பெயின்ட் அடித்த மனிதன் ஈப்போவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர்கள் தோட்டத்துக் கோயில் பக்கம் வேறு சில குடும்பங்களோடு சேர்ந்து ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இடித்த லயத்தின் தகரம், அது எட்டாத இடத்தில் கான்வாஸ், அதன்மேல் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் மட்டை. ஒரு மழைக்காலம் முழுவதும் அதில் இருந்தார்கள். காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை. அவளுக்கு அரசாங்க பிளாட் கிடைத்த பிறகும் போகவில்லை. நல்லது கெட்டதுக்குத் தலை காட்டிவிட்டு உடனே திரும்பிவிடுவேன். அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு எனக்கு ஒதுங்கி இருக்க உதவியது.

பாவநிவாரண நாளுக்கு முந்தின வாரம் பத்து காஜாவுக்குப் போனேன். தங்கையின் பிளாட் மூன்றாம் மாடியில். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்துப் பதறினாள்.

“என்ன அண்ணே, போன்கூட பண்ணாம? யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா?”

“ஒண்டும் இல்லை. உன்னைப் பார்க்கத்தான் வந்தனான்.”

“என்னைப் பாக்கவா? இன்னிக்கு மழைதான் கொட்டப் போகுது.”

சுவரில் அவள் கணவரின் படம். அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. படத்தில் சந்தனப் பொட்டு புதிதாக இருந்தது. அவர் இருந்தபோது புரட்டாசி முழுவதும் பெருமாளுக்காக மரக்கறி. அவள் இப்போதும் அதை விடவில்லை. “மீன் கிடையாது, சொல்லிட்டு வந்திருந்தா பாயாசமாச்சும் வச்சிருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே சோறு போட்டாள். நான் முதல் வாய் எடுக்காமல் பேச்சைத் தொடங்கினேன்.

“லயம் உடைச்ச நேரம் நீ எனக்குப் போன் பண்ணினாய். ஞாபகம் இருக்கோ?”

“ஏன் இல்ல? பெயின்ட் அடிச்சிக்கிட்டு இருந்தீங்க.” அவள் சிரித்தாள். “அந்தப் பெயின்டால எனக்கும் அவருக்கும் எவ்ளோ சண்டை தெரியுமா?”

“என்ன சண்டை?”

“‘பெயின்ட்டாம் பெயின்ட்டு, உங்க அண்ணன் நம்மள உள்ள விடமாட்டாரு’ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். மறு வாரம் பஸ் ஏறி ஈப்போ வந்தேன். எதிர்க் கடை ஓரமா நின்னு பாத்தேன். ஏணி போட்டு ஒரு சீனப் பெரியவரு அடிச்சிக்கிட்டு இருந்தாரு. கிரீம் கலரு. நேரா திரும்பி வந்து அவருகிட்ட சொன்னேன், ‘எங்கண்ணன் பொய் பேசுற ஆளு இல்ல, என் கண்ணால பாத்துட்டேன், இனிமே அவரப் பத்தி வாயத் தொறக்காதீங்க’ன்னு.”

“உள்ள ஏன் வரேல்லை?”

“அண்ணியே சாமானெல்லாம் வெளிய போட்டுட்டுத் திண்டாடிக்கிட்டு இருப்பாங்க. நான் வேற போயி நிக்கணுமா?” படத்தைப் பார்த்தாள். “அன்னைலருந்து அவரு அதப் பத்திப் பேசவே இல்ல. கடைசி வரைக்கும்.”

கோபத்தில் இருக்கிற ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராகி வந்திருந்தேன். அங்கே கோபமே இல்லை. தனக்குத் தீங்கு நடந்ததே தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா, அது புதிதாக ஒரு காயத்தைக் கொடுப்பதாகாதா என்பதில் யூதப் பெரியவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. பேசாமல் சாப்பிட்டு, கை கழுவி, வீட்டுக்குப் போய்விடலாம். அவளுக்கு அவள் அண்ணன் பொய் பேசாதவனாகவே இருப்பான். ஆனால் சுவரில் இருந்த மனிதர், உண்மையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவர், எப்போதைக்கும் தவறு சொன்னவராகவே இருப்பார். அவரிடமிருந்தும் ஒன்றை நான் எடுத்திருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நீ போன் பண்ணின அண்டைக்குப் பெயின்ட் அடிக்கிற யோசினையே எனக்கு இல்லை” என்றேன். “பொய் சொன்னனான். நீ வந்து பார்த்திடுவாய் எண்டு பயந்துதான் பிறகு ஆளைக் கூப்பிட்டு அடிச்சனான். உன்ர மனுசன் சொன்னதுதான் சரி.”

அவள் கையில் மோர்க் கரண்டி இருந்தது. அதைப் பாத்திரத்துக்குள் சத்தம் வராமல் வைத்தாள்.

“அண்ணி வேணாம்னாங்களா?”

“அவவிட்ட நான் கேக்கவே இல்லை.”

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

“என்னை மன்னிக்க வேணும்” என்றேன்.

“எனக்கென்ன அண்ணே. நனைஞ்சேன், அப்புறம் காஞ்சேன். புள்ளையும் நல்லா பாஸ் பண்ணிட்டா. அவர என்னா பண்றது? நான் அவரு வாய அடைச்சிட்டேனே. இப்ப அவருகிட்ட யாரு போயி சொல்றது?” பிறகு, முகத்தை என் பக்கம் திருப்பாமலே, “அவரு இருக்கறப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல” என்றாள்.

நான் சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தேன்.

“சாப்புடுங்க. சோறு ஆறுது.”

சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

அதற்கும் அந்தப் பழைய சட்டத்தில் ஒரு வழி இருந்தது. தீங்குக்கு ஆளானவர் இறந்துவிட்டால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவர் கல்லறைக்குப் போய், அவர்கள் காதுபட, இந்த மனிதருக்கு நான் இன்ன தீங்கு செய்தேன் என்று சொல்ல வேண்டும். அடுத்த வகுப்பில் பாடம் எடுக்காமல் இதுவரை எழுதியதை அப்படியே சொன்னேன். ‘சார்’ என்று பல ஆண்டுகளாக என்னைக் கூப்பிட்டவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் வருவீர்களா என்று கேட்டேன். டிக்கெட் பரிசோதகர்தான் வாயைத் திறந்தார்.

“வேன் நான் கொண்டாறேன் சார். ஆனா மொதல்ல தங்கச்சிகிட்ட கேளுங்க. கேக்காம கும்பலா போயி நிக்காதீங்க. இதையும் நீங்களாவே முடிவு பண்ணாதீங்க லா.”

அவர் சொன்னதில் வேடிக்கை எதுவும் இல்லை. அன்றிரவே போன் செய்தேன். பத்துப் பேரோடு கல்லறைக்கு வரலாமா என்று கேட்டேன். “எல்லாரும் சர்ச்சுக்காரங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “சரி, வாங்க. வெத்தல பாக்கு, சூடம் நான் எடுத்துக்கிட்டு வாரேன். நீங்க ஜெபம் கிபம் ஒண்ணும் பண்ண வேணாம். சொல்ல வேண்டியத மட்டும் சொல்லுங்க.”

தோட்டத்து இடுகாடு இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் தாமான் என்கிற புதிய குடியிருப்பின் பின்மதில், துணி காய்கிறது. மறுபக்கம் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் வரிசையாக மாடி வீடுகள். அவற்றின் சுவர்களெல்லாம் கிரீம் நிறமாக இருந்ததைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எங்களில் ஒருவருக்கு நிற்க முடியாது என்று பரிசோதகர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். தங்கை எங்களோடு நிற்காமல் கல்லறையின் கால்மாட்டில் உட்கார்ந்து லாலாங் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளுக்கு முன் பேசியவன் நான். அன்று குரல் எழும்பவில்லை. “சத்தமா, சார்” என்று பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்கள். இந்த மனிதர் என் தங்கையின் கணவர். வீடு இல்லாமல் இருந்தபோது என் வீட்டில் இடம் கேட்டார்கள். இடம் இருந்தும் பொய் சொல்லித் தடுத்தேன். அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துச் சொன்ன இவரை, அவர் மனைவியின் வாயாலேயே பொய்யர் ஆக்கினேன். இதைச் சொல்லி முடித்தேன். காற்றில் சூடம் இரண்டு முறை அணைந்தது.

தங்கை மூன்றாவது முறை ஏற்றிவிட்டு, எங்களை மறந்தவள் போலக் கல்லறையைப் பார்த்துப் பேசினாள். “கேட்டீங்களா? நீங்க சொன்னதுதான் சரியாம். நான்தான் வாயாடிட்டேன். அண்ணே வந்து சொல்லிருச்சி.” வெற்றிலையைத் திருத்தி வைத்தாள். “வாழ்க்கைல ஒரு தடவ நீங்க சண்டைல ஜெயிச்சிருக்கீங்க, அதுவும் செத்த பின்னால.”

யாரோ சிரித்தார்கள், உடனே இருமலாக மாற்றினார்கள். அவளும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் அவள் திரும்பவில்லை.

பாவநிவாரண நாள் அன்று மாலை தொடங்கியது; சூரியன் மறைந்ததிலிருந்து நான் உபவாசம் இருந்தேன். டாக்டர் மாத்திரைக்குத் தண்ணீர் மட்டும் குடிக்கச் சொல்லியிருந்தார். மறுநாள் இருட்டியதும் கஞ்சி குடித்துவிட்டு, பரிசோதகரும் நானும் சபை வளாகத்தில் முதல் கம்பத்தை நட்டோம். அடுத்த நாட்களில் மற்றவர்கள் செம்பனை மட்டைகளை முள் சீவிக் கொண்டுவந்து மேலே பரப்பினார்கள். தங்கையை அழைத்திருந்தேன். வருவேன் என்றோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை.

பண்டிகை பௌர்ணமியில் தொடங்குகிறது. கூடாரத்துக்குள் மேசை போட்டு எல்லாரும் உட்கார்ந்த பிறகு, மகளின் காரிலிருந்து தங்கை இறங்கி வந்தாள். உள்ளே நுழைந்ததும் கூரையைத்தான் பார்த்தாள்.

“இது மழைக்குத் தாங்காது.”

“தாங்கக் கூடாது. நட்சத்திரம் தெரிய வேணும். அதுதான் சட்டம்” என்றேன்.

“தகரம் வைக்கலாமா?”

“தகரம் ஆகாது.”

“அப்ப எங்க வீடு பாதி சட்டப்படி இருந்திருக்கு.” அவள் ஒரு மூலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சோறு பரிமாறும்போதே மழை பிடித்துக்கொண்டது, ஈப்போவின் மாலை மழை. சாம்பார் வாளிக்குள் சொட்டத் தொடங்கியதும் பரிசோதகர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “சார், மழை வந்தா உள்ள போகலாம்னு நீங்கதான சொன்னீங்க? நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்.” எல்லாரும் சிரித்துக்கொண்டே மண்டபத்துக்கு ஓடினார்கள். தங்கை எழவில்லை. குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் போங்க. சளி புடிக்கும்” என்றாள்.

“நீ?”

“எனக்கு இது பழக்கம்.”

நான் போகவில்லை. மேசையின் மறுமுனையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தட்டில் தண்ணீர் நின்றது. அவள் சிறிது நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் விதத்தை, எங்கே தண்ணீர் இறங்கும் எங்கே இறங்காது என்பதைக் கண்ணால் அளந்தாள். தன் நாற்காலியைக் கம்பத்தோரம் தள்ளினாள். பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டாள்.

“அந்த இடம் ஒழுகும் அண்ணே. இப்படி வாங்க.”